பழைய தண்டர்பேர்டு 350: வாங்கும் முன் பார்த்ததும் வாங்கிய பின் அவிழ்த்ததும்

ஆட்டம் கடைசியில் நின்றுவிட்டது. 2014-ம் வருடத்து ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 350, மணிக்கு 80 கிலோமீட்டரில் ஹேண்டிலை லேசாகப் பிடித்தாலே இப்போது நேராகப் போகிறது. வாங்கிய புதிதில் 65-ஐத் தாண்டினால் பின்பக்கம் நெளிய ஆரம்பிக்கும். அந்த நெளிவு எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பழைய குரூசர் (நீண்ட பயணத்துக்கு வசதியான ரக பைக்) வாங்க நினைக்கிறவர்களுக்கு இந்த வரிசை உதவும் என்று நம்புகிறேன்.

வண்டி தேடி அலைந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். பழைய பைக் பார்க்க வருகிற எல்லாரும் முதலில் ஸ்டார்ட் பண்ணச் சொல்கிறார்கள், காதைக் கொடுத்து எஞ்சின் சத்தம் கேட்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், அப்புறம் விலை பேசுகிறார்கள். குரூசர் வண்டியில் இது தலைகீழ் வரிசை. தண்டர்பேர்டின் 346 சிசி எஞ்சின் 5250 சுற்றில் 19.8 குதிரைசக்தியும், 4000 சுற்றில் 28 நியூட்டன் மீட்டர் இழுவையும் கொடுக்கிறது. அவசரமில்லாமல் சுற்றுகிற எஞ்சின். ஆயில் ஒழுங்காக மாற்றியிருந்தால் அது சுலபத்தில் கெடாது. ஆனால் கிட்டத்தட்ட 190 கிலோ எடை, அதன்மேல் இரண்டு பேர், பக்கவாட்டில் பைகள், நீண்ட பயணம், நம் ஊர் வேகத்தடைகள் எல்லாவற்றையும் சுமப்பது கோன் செட்டும் (ஹேண்டில் திரும்பும் கழுத்து பேரிங்) ஸ்விங் ஆர்மும் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) ரிம்மும் பேரிங்கும்தான். வாங்கிய பிறகு காசு போவதும் அங்கேதான்.

எந்த வண்டி

என் பட்ஜெட் ஒரு லட்சத்துக்குள், ரிப்பேரும் சேர்த்து. அந்த விலையில் இரண்டு வண்டிகள்தான் நிறையக் கிடைக்கின்றன: பஜாஜ் அவெஞ்சர், ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு.

அவெஞ்சர் 2005-ல் 180 சிசியாக வந்தது. 2007-ல் 200 ஆனது, 2010-ல் 220. 2015-க்குப் பிறகு குரூஸ், ஸ்ட்ரீட் என்று இரண்டு வடிவம். சீட் தாழ்வு, எடை குறைவு, ஸ்பேர் மலிவு. ஐந்தடி சொச்சம் உயரமுள்ளவர்களுக்கு நான் தயங்காமல் அதைத்தான் சொல்வேன். 220-ல் கிக்கர் கிடையாது என்பதால் பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் நன்றாக இருந்தே ஆக வேண்டும். எஞ்சினுக்கு முன்னால் இருக்கும் ஆயில் கூலரில் கல் அடித்த தடம், கசிவு இருக்கிறதா என்றும் குனிந்து பார்க்க வேண்டும்.

தண்டர்பேர்டு முதலில் வந்தது 2002-ல். அந்தப் பழைய வண்டிகளில் எஞ்சினும் கியர்பாக்ஸும் தனித்தனி. அப்புறம் இரண்டும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் ட்வின்ஸ்பார்க் எஞ்சின் வந்தது. 2012-ல் 20 லிட்டர் டேங்க், புரொஜெக்டர் ஹெட்லைட், பின்சக்கரத்துக்கும் டிஸ்க் என்று மாற்றிய மாடல் வந்தது. நான் தேடியது அதைத்தான். 2018 பிப்ரவரியில் வந்த 350எக்ஸ்-ல் அலாய் சக்கரமும் டியூப்லெஸ் டயரும் உண்டு, விலையும் அதற்கேற்ப. 2020 நவம்பரில் மீட்டியார் 350 வந்து தண்டர்பேர்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஏ.பி.எஸ். (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம் வேண்டும் என்பவர்கள் 2018 கடைசிக்குப் பிறகான வண்டியாகத் தேட வேண்டும். 2014-ல் அது இல்லை. தெரிந்தேதான் எடுத்தேன்.

பையில் எடுத்துப் போனவை

ஒரு எல்.இ.டி. டார்ச். 450 ரூபாய் மல்டிமீட்டர். ஸ்டீல் ஸ்கேல். துணி சுற்றிய காந்தம். ஐந்து மீட்டர் கட்டட நூல், கொத்தனார்கள் மட்டம் பிடிப்பார்களே, அதேதான். 10, 12, 14 ஸ்பேனர். பழைய பனியன் துணி. முழங்கால் போட ஒரு சாக்கு. இந்தச் சாக்கை யாரும் எடுத்துப்போக மாட்டார்கள், ஆனால் தரையில் உட்கார இடமிருந்தால்தான் வண்டியின் அடிப்பகுதியைப் பார்க்க மனசு வரும்.

விற்பவரிடம் போனிலேயே ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: “சார், நான் வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாம வைங்க.” பெரும்பாலானவர்கள் சரி என்பார்கள். போனதும் முதல் வேலை, கையை எஞ்சினைக் குளிர்விக்கும் ஃபின் தகடுகளின் மேல் வைத்துப் பார்ப்பது. சென்னை முடிச்சூர் பக்கம் ஒரு வண்டிக்குப் போனபோது ஃபின் கொதித்துக்கொண்டிருந்தது. “உங்களுக்கு லேட் ஆகக் கூடாதுன்னு கொஞ்சம் ஓட்டி ரெடியா வெச்சேன் தம்பி” என்றார். சூடான எஞ்சினில் காலை ஸ்டார்ட்டிங் கஷ்டம், டேப்பட் (வால்வை இயக்கும் பாகம்) சத்தம், முதல் புகை எதுவுமே தெரியாது. வேறு நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, இருந்தவரைக்கும் மற்றதைப் பார்த்தேன். அதுவே போதுமானதாக இருந்தது.

சைடு பேனலைக் கழற்றி டார்ச் அடித்தால், பேட்டரி பெட்டியின் மூலைகளில் காய்ந்த நைஸ் வண்டல். ஒயர் கனெக்டரைப் பிரித்தால் உள்ளே பித்தளை முள் பச்சை பூத்திருந்தது. சீட்டின் அடிப்பக்கத் தகடு முழுக்கத் துரு. வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையின் தென்பகுதியில் ஆயிரக்கணக்கான பைக்குகள் தண்ணீரில் மூழ்கின. அதில் நிறைய வண்டிகள் கழுவி, ஆயில் மாற்றி, பெயிண்ட் அடித்து இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மூழ்கிய வண்டியில் எஞ்சினைக்கூடச் சரிசெய்துவிடலாம். ஒயரிங்கைச் சரிசெய்யவே முடியாது, ஒவ்வொரு மழைக்கும் ஒரு இடம் போகும். எங்கே நீங்கள் வாங்கினாலும் ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியையும் கனெக்டர்களையும் திறந்து பாருங்கள். வண்டல் பொய் சொல்லாது.

காகிதம்

நான் வாங்கிய வண்டி குரோம்பேட்டையில் இருந்தது. விற்றவர் ஓய்வு பெற்றவர், முதுகுவலியால் ஓட்ட முடியவில்லை என்றார். வண்டியைத் தொடுவதற்கு முன் ஆர்.சி.யை வாங்கி, அதில் இருக்கும் எஞ்சின் எண், சேஸ் எண் இரண்டையும் வண்டியில் தேடி எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். சேஸ் எண் ஹேண்டிலுக்குக் கீழே ஃப்ரேமின் கழுத்தில் பொறித்திருக்கும். அழுக்கைத் துடைத்தால் தெரியும். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். சுற்றிலும் கிரைண்டர் போட்ட தடமோ, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயிண்டோ இருந்தால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

கடனில் வாங்கிய வண்டியானால் ஆர்.சி.யில் அந்தக் குறிப்பு இருக்கும். கடன் முடிந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது. கடன் கொடுத்த இடத்தின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), கையெழுத்திட்ட படிவம் 35-ம் கைக்கு வர வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30. வண்டி வேறு மாநிலத்தில் பதிவானதென்றால் படிவம் 28 என்.ஓ.சி.யும் வேண்டும். எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டுப் பதிவுத் தேதி, இன்ஷூரன்ஸ் முடியும் தேதி பார்த்தேன். போக்குவரத்து அபராதம் பாக்கி இருக்கிறதா என்று இ-சலான் தளத்திலும் பார்த்தேன். பதிவு 15 வருடத்துக்குத்தான். 2014 வண்டிக்கு 2029-ல் புதுப்பிக்க வேண்டிவரும், அதையும் விலையில் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இன்ஷூரன்ஸில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. வண்டி கைமாறிய 14 நாளுக்குள் பாலிசியை நம் பெயருக்கு மாற்ற வேண்டும். மூன்றாம் நபருக்கான காப்பீடு தானாகவே நம்மோடு வந்துவிடும். நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான காப்பீடு அப்படி வராது. பழைய உரிமையாளர் சேர்த்துவைத்த நோ கிளைம் போனஸும் அவருடையது, நமக்கு வராது. வித்தியாசத்தை நாம்தான் கட்ட வேண்டும்.

ஸ்டார்ட் பண்ணாமல் பார்த்தது

இதுதான் நீளமான கட்டம், அவசரப்படக் கூடாத கட்டம்.

சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினேன். ஒருவர் பின்னால் கேரியரை அழுத்தினால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். இப்போது ஹேண்டிலை இரண்டு விரலால் மட்டும் பிடித்து, மெதுவாக ஒரு பக்கக் கடைசியிலிருந்து மறுபக்கக் கடைசி வரை திருப்ப வேண்டும். வெண்ணெய் போல் போக வேண்டும். இந்த வண்டியில் நேராக இருக்கும் இடத்தில் ‘டக்’ என்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்து எழுந்தது. கோன் செட் போய்விட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. வருடக்கணக்கில் நேராகவே ஓடும்போது, குழியில் இறங்கும் ஒவ்வொரு அடியும் அதே இடத்தில் விழுந்து பால்ரஸ்கள் (எஃகு உருண்டைகள்) அவை உட்காரும் கிண்ணத்தில் குழி போட்டுவிடுகின்றன. அடுத்து ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தேன். ஆட்டம் கொஞ்சம் இருந்தது. குறித்துக்கொண்டேன்.

ஃபோர்க் குழாயை டார்ச் அடித்து, நகத்தால் மேலிருந்து கீழே வருடினேன். துருப்புள்ளி நகத்தில் தட்டினால் ஆயில் சீல் எத்தனை முறை மாற்றினாலும் கிழியும். குழாய் சுத்தமாக இருந்தது, சீல் ஓரத்தில் மட்டும் ஆயில் வளையம். இது சின்னச் செலவு.

சக்கரங்கள் ஸ்போக் வகை, முன் 19 அங்குலம், பின் 18. ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்கையும் தட்டிக்கொண்டே போனேன். இறுக்கமான ஸ்போக் கணீரென்று சொல்லும், தளர்ந்தது மொத்தென்று சொல்லும். பின்சக்கரத்தில் அடுத்தடுத்து மூன்று மொத்தென்றன. சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஸ்கேலை ரிம் ஓரத்தில் அசையாமல் பிடித்தால் கோட்டம் தெரியும். 2 மில்லிமீட்டர் வரை இருந்தது, கோட்டம் எடுத்துவிடலாம். ரிம் ஓரம் அடிபட்டு மடிந்திருந்தால் அது வேறு கதை, ரிம்மையே மாற்ற வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. முன்டயர் 2019, பின்டயர் 2017. பின்டயரில் வெடிப்பு தெரிந்தது. டயர் எண் இன்னொன்றையும் சொல்லும். வேறொரு வண்டியில் மீட்டர் 14,000 கிலோமீட்டர் காட்டியது, ஆனால் இரண்டு டயருமே வண்டிக்கு நான்கு வருடம் இளையவை, பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது, சாவி துளையில் தளதளவென்று ஆடியது. 14,000 ஓடிய வண்டி இப்படி இருக்காது. நான் வாங்கியதில் மீட்டர் 41,000 சொன்னது, ரப்பர்களும் அதையே சொன்னன.

செயின். கீழ்ப்பக்கச் செயினை நடுவில் விரலால் தூக்கினால் 25 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும். ஒரே இடத்தில் அளந்துவிட்டு விடக் கூடாது. சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நான்கைந்து இடத்தில் அளந்தால்தான் சமமில்லாமல் நீண்ட செயின் அகப்படும். இதில் ஒரு இடத்தில் 20, இன்னொரு இடத்தில் 40. பின் ஸ்பிராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) கடைசியில் செயினைப் பின்னால் இழுத்தேன், பாதிப் பல் வெளியே தெரிந்தது. முழு செட்டும் மாற்ற வேண்டியதுதான்.

காந்தத்தை டேங்க் முழுவதும் ஓட்டினேன். எங்காவது பிடிக்காமல் வழுக்கினால் அடியில் பட்டி போட்டுப் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். டேங்கின் உள்ளே டார்ச் அடித்தேன், அடியில் துரு இல்லை. கார்புரேட்டர் வண்டிக்கு இது மிக முக்கியம். பல மாதம் ஓட்டாமல் கால் டேங்க் பெட்ரோலுடன் நிறுத்திய வண்டிகளில் துரு கீழே சேர்ந்து, ஓட்ட ஆரம்பித்ததும் கார்புரேட்டரின் சின்னத் துளையான ஜெட்டை அடைத்துக்கொண்டே இருக்கும்.

அப்புறம் நூல். விழுந்து எழுந்த குரூசரைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. லெக் கார்டில் கீறல் இருப்பது பெரிய விஷயமில்லை, நின்ற இடத்திலேயே சாய்ந்திருக்கும். ஃப்ரேம் வளைந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஸ்டாண்டுகளை மடக்கி, ஒருவர் வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்டாண்டும் சைலன்சரும் இடிக்காத உயரத்தில் நூலைப் பின்டயருக்குப் பின்னால் சுற்றி, இரண்டு பக்கமும் டயரின் ஓரங்களை ஒட்டியபடி முன்சக்கரம் தாண்டி இழுக்க வேண்டும். முன்டயர் 90, பின்டயர் 120. ஆகவே நேராக நிற்கும் முன்டயருக்கும் நூலுக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் இடைவெளி வர வேண்டும். டயர் கம்பெனிக்குத் தகுந்தபடி அளவு கொஞ்சம் மாறலாம், ஆனால் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். முன்பு பார்த்த ஒரு வண்டியில் இடப்பக்கம் 7, வலப்பக்கம் 24 வந்தது. பின்சக்கர அச்சின் இரு முனையிலும் இருக்கும் செயின் அட்ஜஸ்டரின் கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில்தான் இருந்தன, ஆக அச்சு கோணலாக மாட்டியதால் வந்த வித்தியாசம் இல்லை. அந்த வண்டியின் எஞ்சின் அருமையாகப் பாடியது. விட்டுவிட்டு வந்தேன். குரோம்பேட்டை வண்டியில் 14-ம் 17-ம் வந்தது. அட்ஜஸ்டர் கோடு அரைக்கோடு முன்னும் பின்னுமாக இருந்தது, அதைச் சரிசெய்தால் சமமாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். பிறகு அப்படியே ஆனது.

இப்போது ஸ்டார்ட்

மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்தேன், 12.3 வோல்ட். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 காட்டும். செல்ஃப் அடித்தபோது 9.2-க்கு இறங்கியது. பேட்டரி கடைசிக் காலத்தில் இருந்தது. எஞ்சின் ஓடும்போது ஆக்சிலேட்டர் கொஞ்சம் கொடுத்தால் 14.1 வந்தது. சார்ஜிங் நன்றாக இருக்கிறது, மின்சாரம் உண்டாக்கும் காயிலுக்குச் செலவு இல்லை.

இந்த எஞ்சினில் பேட்டரி பலவீனமாக இருக்கும்போது திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்தால் ஸ்ப்ராக் கிளட்ச் (செல்ஃப் மோட்டாரை எஞ்சினோடு இணைக்கும் ஒருவழிக் கிளட்ச்) அடிவாங்கும். செல்ஃபை அழுத்தும்போது எஞ்சின் சுற்றாமல் ‘கிர்ர்’ என்று வழுக்கும் சத்தமோ, ‘டடக்’ என்று உலோகம் உதைக்கும் சத்தமோ வந்தால் எஞ்சின் பக்க மூடியைத் திறக்க வேண்டிய வேலை. பாகமும் கூலியும் சேர்த்துச் சில ஆயிரங்கள் போகும். இதில் அந்தச் சத்தம் இல்லை. கிக்கரிலும் ஒருமுறை அடித்துப் பார்த்தேன், கால் பாரம் முழுதும் தாங்கியது, அதாவது கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது.

டேப்பட்டுகள் ஹைட்ராலிக் வகை. குளிர்ந்த எஞ்சினில் முதல் சில விநாடிகள் ‘டிக் டிக்’ வரும், ஆயில் ஏறியதும் அடங்கிவிட வேண்டும். சூடான பிறகும் அடங்காமல் இருந்தால் அட்ஜஸ்ட் பண்ண அங்கே ஒன்றும் இல்லை, மாற்றத்தான் வேண்டும். இதில் அடங்கியது. சைலன்சர் வாயில் பனியன் துணியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன், ஆயில் பிசுக்கு இல்லை. ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டபோது நீலப் புகை இல்லை. ஆயில் கண்ணாடியில் பால் கலந்த நிறம் இல்லை, கருப்புதான், ரொம்ப நாளாக மாற்றாத கருப்பு.

ஓட்டிப் பார்த்தேன். நான்காவது கியரில் 40-ல் போகும்போது முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் சத்தத்தோடு வேகமும் ஏற வேண்டும். சத்தம் மட்டும் ஏறினால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. ஏறியது. கியர் எதுவும் தானாகக் கழலவில்லை. இரண்டு பிரேக்கும் இழுக்காமல் நேராக நின்றது. டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அதற்கு இன்னும் இடம் இருந்தது. பிரேக் பேடு தேய்ந்திருந்தது.

அவர் கேட்டது 88,000. கோன் செட், பின்டயர், செயின் செட், பேட்டரி, நான்கையும் அவருக்கே காட்டினேன். ஹேண்டிலை அவர் கையால் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். “இவ்ளோ நாளா ஓட்டுறேன், இது எனக்கே தெரியலையே தம்பி” என்றார். 78,000-க்கு முடிந்தது. அளந்து காட்டி விலை பேசினால் மனக்கசப்பு வருவதில்லை.

வாங்கிய பிறகு

வீட்டுக்குப் பக்கத்து மெக்கானிக் அண்ணனின் பட்டறையில், அவரோடு சேர்ந்து வேலை செய்தேன். முதலில் கோன் செட். பழைய கிண்ணத்தைத் தட்டி எடுத்துத் துடைத்தால் பால்ரஸ் உட்கார்ந்த குழிகள் வரிசையாகத் தெரிந்தன. புது செட் 850, கூலி 600. இறுக்குவதில்தான் நிதானம் வேண்டும். ஆட்டம் போகும் வரை இறுக்கி, ஹேண்டிலைத் தள்ளிவிட்டால் தானாகக் கடைசிவரை விழ வேண்டும். விழாவிட்டால் அதிகமாக இறுக்கியிருக்கிறது. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை திரும்ப இறுக்க வேண்டும்.

அதோடு ஃபோர்க் சீலும் ஃபோர்க் ஆயிலும் மாற்றினோம், கூலியோடு 1,400. செயின் செட் 2,900. பின்டயரும் டியூபும் 3,750. பேட்டரி 2,850. எஞ்சின் ஆயில், ஃபில்டர் 1,500. பேடுகளும் பிரேக் ஆயிலும் 1,280. கிளட்ச், ஆக்சிலேட்டர் கேபிள் 550. ஸ்போக் இறுக்கிக் கோட்டம் எடுக்க 500.

எல்லாம் முடித்து வண்டலூர் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் ஏற்றினால், 65-ல் பின்பக்கம் நெளிந்தது. குரோம்பேட்டைச் சந்துகளில் ஓட்டியபோது 50-க்கு மேல் போகவே வழியில்லை, அதனால் அங்கே தெரியவில்லை.

சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினோம். லேசான ஆட்டம் இருந்தது. சக்கர பேரிங்தான் என்று இரண்டு பேருமே நினைத்தோம். பேரிங் 450, கூலி 200, மாற்றி ஓட்டினால் நெளிவு அப்படியே இருந்தது. எடுத்துப்போட்ட பழைய பேரிங்கைக் கையில் சுற்றிப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது.

அப்புறம்தான் சரியான சோதனை. ஒருவர் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளி இழுக்க, இன்னொருவர் ஸ்விங் ஆர்ம் ஃப்ரேமோடு சேரும் இடத்தில், இரண்டு உலோகமும் தொடும்படி விரலை வைக்க வேண்டும். பேரிங் போயிருந்தால் சக்கரம் மட்டும் ஆடும், ஸ்விங் ஆர்ம் அசையாது. ஸ்விங் ஆர்மின் அச்சைத் தாங்கும் புஷ் போயிருந்தால் அந்த இணைப்பிலேயே அசைவு விரலுக்குத் தெரியும். தெளிவாகத் தெரிந்தது. ஸ்விங் ஆர்மைக் கழற்றி, லேத் பட்டறையில் பிரஸ்ஸில் வைத்துப் பழைய புஷ்ஷைத் தள்ளினோம். ஒரு பக்கம் முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது. கனமான பைகளை ஒரே பக்கம் மாட்டி ஓட்டியிருக்கலாம் என்றார் அண்ணன். பக்கத்தில் பை மாட்டும் கம்பி ஒரு பக்கம் மட்டும் இருந்ததைப் பார்த்தால் எனக்கும் சரியென்றே பட்டது. உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கிய புஷ் 700, பிரஸ், கழற்றி மாட்டும் கூலி எல்லாம் 1,200. மாட்டும்போது அச்சுக்கு கிரீஸ் தடவி, ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்களையும் பார்த்தோம், அவை நன்றாக இருந்தன. திரும்ப நூல் பிடித்தோம், இரண்டு பக்கமும் 15. அதே சாலையில் 80.

மொத்தச் செலவு 18,730. வண்டியோடு சேர்த்து 96,730. பெயர் மாற்றமும் இன்ஷூரன்ஸும் தனி. பெயர் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நானே போனேன், அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். எஞ்சினுக்குப் போனது ஆயில் செலவு 1,500 மட்டும் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்த முறை இன்னொருவருக்காக வண்டி பார்க்கப் போனால் சில விஷயங்களை மாற்றிக்கொள்வேன். ஸ்விங் ஆர்ம் இணைப்பில் விரல் வைக்கும் சோதனையை விலை பேசுவதற்கு முன்பே செய்வேன், அதற்கு ஒரு ஆளைக் கூடவே கூட்டிப்போவேன். அந்த 1,900-ஐயும் விலையில் குறைத்திருக்கலாம். ஓட்டிப் பார்க்க, 70 வரை பாதுகாப்பாகப் போகக்கூடிய சாலை பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டு வைப்பேன், விற்பவரையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு. இரண்டு பேர் பாரத்தில் பின்பக்கத்தின் குறை இன்னும் சீக்கிரம் வெளியே வரும். பை மாட்டும் கம்பி, பெரிய பாக்ஸ் போன்றவை மாட்டியிருந்தால் அதைக் கூடுதல் சாமான் என்று பார்க்காமல், எவ்வளவு சுமை, எந்தப் பக்கம் என்று விசாரிப்பேன்.

பாக்கி இருப்பது முன்டயர். 2019 செய்தது, பட்டன் இன்னும் இருக்கிறது, ஆனால் ரப்பர் இறுகிவிட்டது. ஐப்பசி மழைக்கு முன் 90/90-19 ஒன்று வாங்க வேண்டும், கூடவே கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் ட்யூபையும். பழைய ட்யூப் விரலில் அழுத்தினால் கட்டையாக இருக்கிறது, எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்கும் ரகமாகப் பார்த்து வாங்கிப் போடப் போகிறேன்.